சொரசொரப்பிலிருந்து தொடங்குங்கள்: ஆங்கிலத்தில் ஒத்த சொற்களைப் பிரித்தறியக் கற்க ஒரு வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், வாங்குபவர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த புதிதில் வெளிநாட்டு பையர் ஒருவருக்கு மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம்) சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி சாம்பிள் கையில் இருந்தது. உடம்பில் போட்டிருப்பதே தெரியாத அளவுக்கு லேசான துணி. அதைப் பாராட்டி ஒரு வரி எழுத வேண்டும். ‘லைட்’ என்று எழுதினால் சப்பென்று இருக்கிறதே என்று கணினியில் அதற்கு ஒத்த சொல் தேடினேன். வந்த பட்டியலில் ‘ஃப்ளிம்ஸி’ என்ற சொல் பார்க்க அழகாக இருந்தது. அதையே போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் பதில் வந்தது: துணி ஃப்ளிம்ஸி என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்புறம் நாங்கள் எதற்கு வாங்க வேண்டும்?

லைட் என்றால் எடை குறைவு. ஃப்ளிம்ஸி என்றால் எடை குறைவு, கூடவே உறுதியும் குறைவு, தொட்டால் கிழியும். நான் எழுத வேண்டியிருந்த சொல் ‘லைட்வெயிட்’. மூன்றும் ஒரே பட்டியலில் இருந்தன. வித்தியாசத்தைச் சொல்ல அந்தப் பட்டியலில் ஒரு வார்த்தைகூட இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். “சார், இதெல்லாம் ஒண்ணுதானுங்களே?” என்று புதிதாக வரும் எல்லோரும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இந்த வழிகாட்டி. ஆங்கிலச் சொற்களின் உச்சரிப்பை மட்டும் தமிழ் எழுத்தில் தருகிறேன். ஒவ்வொன்றையும் அகராதியில் பார்த்து எழுத்துக்கூட்டலை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தேடி எழுதும்போதே பாதி மனதில் நின்றுவிடும்.

முதல் படி: பொருளைக் கையில் எடுங்கள்

பெரும்பாலானவர்கள் நோட்டில் மேலே ஒரு சொல்லை எழுதி, கீழே அதற்குச் சமமான பத்துச் சொற்களை எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு வாரத்தில் மறந்துவிடும். மறக்காவிட்டால் இன்னும் ஆபத்து, என் மெயில் மாதிரி ஆகும்.

பக்கத்துக்கு ஒரு பொருள் என்று வையுங்கள். ஒரு பக்கம் பவானி ஜமுக்காளம். ஒரு பக்கம் விரலி மஞ்சள். ஒரு பக்கம் அப்பளம், ஒரு பக்கம் போர் தண்ணீர், ஒரு பக்கம் தறிக் குடோனின் சத்தம். ஐந்து புலன்களில் எது எதெல்லாம் அந்தப் பொருளுக்குப் பொருந்துமோ அதை மட்டும் நிரப்புங்கள்.

ஜமுக்காளத்தைத் தொட்டுப் பாருங்கள். முரட்டு நூல், கெட்டியான நெசவு, கண்ணைப் பறிக்கும் பட்டைக் கோடுகள். ஆங்கிலத்தில் இது ‘கோர்ஸ்’. படிப்பைக் குறிக்கும் கோர்ஸும் இதுவும் உச்சரிப்பில் ஒன்று, எழுத்தில் வேறு. பக்கத்தில் ‘ரஃப்’ என்ற சொல்லையும் எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் நாம் ‘முரடு’ என்றுதான் சொல்வோம். ஆனால் கோர்ஸ் என்றால் நூலோ மணலோ மாவோ, அதன் இழை பருமன், துகள் பெரிது என்று பொருள். ரஃப் என்றால் மேற்பரப்பு மேடு பள்ளமாக, சமமில்லாமல் இருக்கிறது என்று பொருள். கோர்ஸ் சேண்ட் உண்டு, ரஃப் ரோடு உண்டு. இடம் மாற்றிப் போட்டால் ஒட்டாது. ஜமுக்காளத்தை கோர்ஸ் என்றால் அது குறை ஆகாது, அந்தத் துணியின் இயல்பே அது. கூடவே ‘திக்’, ‘ஸ்டர்டி’ என்று சேர்த்தால் பல வருஷம் உழைக்கும் என்பதும் வந்துவிடும். அதே கோர்ஸை உள்ளாடைத் துணிக்குச் சொன்னால் ஆர்டர் போய்விடும்.

பனியன் துணியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பகுதி சோறு போடும், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். துணியைக் கையால் தடவும்போது கிடைக்கும் உணர்வை ‘ஹேண்ட் ஃபீல்’ என்கிறார்கள். அதில் ‘சாஃப்ட்’ என்பது அழுத்தினால் இளகிக்கொடுப்பது. ‘ஸ்மூத்’ என்பது தடவினால் தடையில்லாமல் வழுக்கிப் போவது. கண்ணாடி ஸ்மூத், சாஃப்ட் இல்லை. பஞ்சு சாஃப்ட், ஸ்மூத் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ‘சில்க்கி’யில் இரண்டும் சேர்ந்திருக்கும், மெல்லிய பளபளப்பும் உண்டு. பட்டாக இருக்க வேண்டிய அவசியமில்லை, பட்டு மாதிரி இருந்தால் போதும். ‘ஸ்டிஃப்’ என்றால் விறைப்பு. ‘க்ரிஸ்ப்’ என்றாலும் விறைப்புதான், ஆனால் கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டியின் விறைப்பு, பாராட்டாகச் சொல்வது. விறைப்பு போய்த் தொங்கினால் ‘லிம்ப்’. ‘ஹார்ஷ்’ என்று பையர் எழுதினால் துணி தோலை உறுத்துகிறது, மறுபடி வாஷிங் பார்க்கவேண்டும் என்று அர்த்தம். கம்பளி மாதிரி குத்தினால் ‘ஸ்க்ராட்ச்சி’, அரிப்பே எடுத்தால் ‘இட்ச்சி’.

இரண்டாம் படி: தமிழில் துல்லியமாகச் சொல்லுங்கள்

நேராக ஆங்கிலத்துக்குத் தாவ வேண்டாம். கையில் இருப்பது எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்வதுபோல் முதலில் தமிழில் சொல்லுங்கள். இங்கே நமக்கு ஒரு பெரிய சொத்து இருக்கிறது: இரட்டைக்கிளவி. சொரசொர, வழவழ, மொறுமொறு, பிசுபிசு, கொழகொழ, நறநற, கரகர, பளபள. புலனுக்கென்றே பிறந்த சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களை நிறுத்தி, அவற்றுக்குள் என்ன வித்தியாசம் என்று தேட ஆரம்பியுங்கள்.

மொறுமொறுப்பை எடுத்துக்கொள்வோம். தோசையின் ஓரம், சுட்ட அப்பளம் இவையெல்லாம் ‘க்ரிஸ்பி’: மெல்லியது, கடித்ததும் பொடிந்துவிடும். முறுக்கு, கடலை மிட்டாய், பச்சைக் கேரட் இவை ‘க்ரஞ்ச்சி’: கனமானது, கடிக்கும்போது காதுக்குள் சத்தம் கேட்கும்.

பிசுபிசுப்பில் வெல்லப்பாகு ஒட்டிய விரல் ‘ஸ்டிக்கி’. வடை தின்ற விரல் ‘க்ரீஸி’. கொழகொழ என்றால் வெண்டைக்காய்க்கு ‘ஸ்லைமி’, குழைந்துபோன சோற்றுக்கு ‘மஷ்ஷி’. கீரை சரியாக அலசாமல் பல்லில் மண் நறநறத்தால் ‘க்ரிட்டி’. கரகரத்த குரல் சளி பிடித்ததால் என்றால் ‘ஹோர்ஸ்’. பிறவியிலேயே அடித்தொண்டைக் குரல், கேட்க நன்றாக இருக்கிறது என்றால் ‘ஹஸ்கி’.

ஈரம் என்ற ஒரு சொல்லுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் குடும்பம் பெரியது. சொட்டச் சொட்ட நனைந்தால் ‘சோக்ட்’. துவைத்து முழுதாகக் காயாத சட்டை ‘டாம்ப்’, அதில் ஒரு சங்கடம் ஒட்டியிருக்கும். மழை பெய்த மறுநாள் தோட்டத்து மண், நன்றாக வந்த கேக், இவை ‘மாய்ஸ்ட்’, அது பாராட்டு. காற்றில் ஈரம் என்றால் ‘ஹ்யூமிட்’. பயத்தில் ஜில்லென்று வேர்த்த உள்ளங்கை ‘க்ளாம்மி’. சாம்பாரில் ஊறிப்போன அப்பளம் ‘சாகி’. முறுக்கு நமுத்துப்போனால் சாகி என்று சொல்லிவிடாதீர்கள், அதில் தண்ணீரோ குழம்போ படவில்லையே. அது ‘ஸ்டேல்’.

மூன்றாம் படி: எவ்வளவு, எந்த மனதோடு

இணையாகத் தெரியும் இரண்டு சொற்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எது கூடுதல் என்று. நோட்டில் ஓர் ஏணி வரைந்து படிப்படியாக எழுதுங்கள். மார்கழி விடியலில் கோயமுத்தூர் ‘கூல்’, போர்வை தேட வைத்தால் ‘சில்லி’, ஊட்டியில் அதே நேரம் ‘ஃப்ரீஸிங்’. (உண்ணும் மிளகாய்க்கும் இந்தச் சில்லிக்கும் உறவில்லை, எழுத்தும் வேறு.) வெயிலில் ‘வார்ம்’, ‘ஹாட்’, ‘ஸ்கார்ச்சிங்’. இந்த ஏணியின் உச்சிப் படிக்கு ஒரு விதி உண்டு: அதன் முன்னால் ‘வெரி’ வராது. வெரி கோல்டு சரி. வெரி ஃப்ரீஸிங் பொருந்தாது, உச்சத்துக்கு மேல் உச்சம் ஏது? ‘அப்ஸொல்யூட்லி ஃப்ரீஸிங்’ என்பார்கள். ‘வெரி டெலிஷியஸ்’ என்று நம்மில் பலர் எழுதுவதும் இதே இடறல்தான்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை வைத்தே ஓர் ஏணி போடலாம். பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவது அதை நம்பித்தானே. இதமாக வீசினால் ‘ப்ரீஸி’, வேகம் கூடினால் ‘விண்டி’, விட்டு விட்டு அறைந்தால் ‘கஸ்ட்டி’. அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக்காற்று என்றால் ‘ஃபியர்ஸ்’.

அடுத்து, சொல்கிறவர் மனம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒல்லியாக இருப்பவரை ‘ஸ்லிம்’ என்றால் அழகு, ‘தின்’ என்றால் தகவல், ‘ஸ்கின்னி’ என்றால் பெரும்பாலும் குத்தல். வாசனையில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மை. மல்லிகை ‘ஃப்ராக்ரன்ட்’. கொதிக்கும் ரசம், வறுத்த கொத்தமல்லி ‘அரோமாட்டிக்’. சோப்பு, ஊதுபத்தி மாதிரி மணம் சேர்க்கப்பட்டது ‘சென்ட்டட்’. பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்தால் வரும் புழுங்கல் வாடை ‘மஸ்ட்டி’. மழைக்காலத்தில் ஈரத்தோடு பெட்டியில் அடைத்த துணியும் அப்படித்தான் நாறும். மிளகாய் கருகும் நெடி ‘ஆக்ரிட்’. வெறும் ‘ஸ்மெல்லி’ என்று சொன்னாலே அது கெட்ட நாற்றம். பூவை ஸ்மெல்லி என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று இருக்கிறது. பழந்தமிழில் ‘நாற்றம்’ என்பது நறுமணத்தையும் குறித்தது. இன்று மூக்கைப் பிடிக்க வைக்கும் சொல்லாகிவிட்டது. ஆங்கிலத்தின் ‘ஸ்டிங்க்’ என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் நல்ல மணம், கெட்ட மணம் இரண்டுக்கும் பொதுவாக இருந்து, பிறகு கீழே இறங்கியதுதான். எங்கேயோ இருக்கும் இரண்டு மொழிகள் ஒரே சறுக்கில் சறுக்கியிருக்கின்றன. வகுப்பில் இதைச் சொன்ன பிறகு ஸ்டிங்க் என்ற சொல்லை யாருமே மறந்ததில்லை.

நான்காம் படி: எது எதோடு சேரும்

கெட்டுப்போனதை நாம் எப்படிச் சொல்கிறோம்? குழம்பு ஊசிப்போகும், தக்காளி அழுகும், எண்ணெய் காறும், மாவு புளிக்கும். தக்காளி ஊசிப்போயிற்று என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லாது. யாரும் கற்றுக்கொடுக்காமலே எது எதோடு சேரும் என்று நமக்குத் தெரியும். ஆங்கிலத்திலும் அதே ஒழுங்குதான், சொற்கள்தான் வேறு. பிரெட் ‘ஸ்டேல்’ ஆகும். பால் ‘சவர்’ ஆகும். முட்டை ‘ராட்டன்’. ஊத்துக்குளி வெண்ணெயானாலும் நாளானால் ‘ரான்சிட்’. பூஞ்சை பிடித்தால் ‘மோல்டி’. இவை எல்லாமே அகராதியில் ‘கெட்டுப்போன’ என்றுதான் இருக்கும். ஆனால் ரான்சிட் எண்ணெய், கொழுப்பு உள்ளதோடுதான் சேரும். ரான்சிட் பிரெட் என்று எழுதினால் இலக்கணம் சரி, காது ஒப்பாது.

தமிழ் ஒரே சொல்லில் முடிக்கும் இடங்களில்தான் நாம் அதிகம் தவறுவோம். பலத்த மழை, பலத்த காற்று என்று இரண்டுக்கும் பலத்த போடுகிறோம். ஆங்கிலத்தில் மழை ‘ஹெவி’, காற்று ‘ஸ்ட்ராங்’. தயிர் கெட்டி என்றால் ‘திக்’, டிகாஷன் கெட்டி என்றால் ‘ஸ்ட்ராங்’, மாவு கெட்டி என்றால் ‘ஸ்டிஃப்’. அதனால் நோட்டில் தனிச் சொல்லாக எழுதாமல் எப்போதும் ஜோடியாகவே எழுதுங்கள். ‘ரான்சிட்’ என்று எழுதவே கூடாது, ‘ரான்சிட் பட்டர்’ என்று எழுதுங்கள்.

ஐந்தாம் படி: நேருக்கு நேர் சொல் கிடைக்காத இடங்கள்

‘காரம்’ நமக்கு ஒன்றுதான். பள்ளிபாளையம் சிக்கனின் மிளகாய்க் காரம் ஆங்கிலத்தில் ‘ஹாட்’, கண்ணில் தண்ணீர் வரவைத்தால் ‘ஃபியரி’. மிளகுக் காரம் ‘பெப்பரி’. பச்சை வெங்காயம், பூண்டு, கடுகு இவற்றின் மூக்கில் ஏறும் காரம் ‘பஞ்சன்ட்’. ‘ஸ்பைசி’ என்றால் காரம் என்றும் கொள்வார்கள், மசாலா நிறைந்தது என்றும் கொள்வார்கள். விருந்தாளிக்குச் சொல்லும்போது ஹாட் என்றே சொல்லிவிடுவது நல்லது. அதிலும் கொதிக்கக் கொதிக்க இருக்கிறதா, காரமாக இருக்கிறதா என்ற குழப்பம் வரும். அப்போது ‘சில்லி ஹாட்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. துவர்ப்பு நமக்கு அறுசுவையில் ஒன்று, நெல்லிக்காயைக் கடித்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் ‘ஆஸ்ட்ரின்ஜன்ட்’ என்ற சொல் இருக்கிறது, ஆனால் வீட்டுப் பேச்சில் அதிகம் வராது. வாயைச் சுருக்குகிறது என்று விளக்கித்தான் சொல்வார்கள். திகட்டுகிறது என்பதற்கு ‘க்ளோயிங்’ அல்லது ‘சிக்லி ஸ்வீட்’. நெய் ஊற்றி நாலு ஒப்புட்டு (போளி) தின்ற பிறகு அந்தச் சொல் தானாகப் புரியும்.

தண்ணீரில் கவனம் தேவை. சிறுவாணித் தண்ணீர் தித்திக்கும் என்று நாம் பெருமையாகச் சொல்வோம். அதை ‘ஸ்வீட்’ என்று மொழிபெயர்த்தால் கேட்கிறவர் சர்க்கரை கலந்திருக்கிறது என்று நினைக்கக்கூடும். ‘ஃப்ரெஷ்’, ‘க்ளீன் டேஸ்டிங்’, ‘ரிஃப்ரெஷிங்’ இவற்றில் ஒன்று போதும். போரில் வரும் உப்புத் தண்ணீர் ‘ப்ராக்கிஷ்’ அல்லது ‘சால்ட்டி’. சோப்பு நுரைக்காத, பாத்திரத்தில் வெள்ளை படியும் தண்ணீர் ‘ஹார்டு’. ஆஸ்பத்திரியில் ஏற்றுவதும் உப்புத் தண்ணீர்தான், ஆனால் அது ‘சலைன்’. சால்ட்டி பழைய ஆங்கில வேரிலிருந்து வந்த வீட்டுச் சொல். சலைன் லத்தீன் வழி வந்த ஏட்டுச் சொல். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சும் லத்தீனும் வெள்ளமாக உள்ளே வந்தன. ஒரே பொருளுக்கு வீட்டுச் சொல் ஒன்று, சபைச் சொல் ஒன்று என்று ஆங்கிலத்தில் ஜோடி ஜோடியாக இருப்பதற்கு அது பெரிய காரணம். எனவே புதிய சொல்லைப் பார்த்ததும், இதைச் சமையலறையில் சொல்வார்களா, அறிக்கையில் எழுதுவார்களா என்றும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: அகராதியும் தெசாரஸும்

ஒத்த சொற்களின் தொகுப்பான தெசாரஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவர் 1852-இல் வெளியிட்ட தெசாரஸ், அகரவரிசையில் இல்லாமல் கருத்து வாரியாக அடுக்கப்பட்டது. சொல்ல வேண்டிய கருத்து மனதில் இருக்கிறது, சொல் நாக்கில் வரவில்லை என்பவருக்கானது அது. நம் நிகண்டுகளும் அந்த வேலையைத்தான் செய்தன. திண்ணைப் பள்ளியில் அவற்றை மனப்பாடம் செய்தவர்களுக்குத் தமிழ் ஏற்கெனவே தெரியும். ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கிறவர் தெசாரஸிலிருந்து, இதற்கு முன் எங்காவது படித்த சொல்லை மட்டும் எடுக்க வேண்டும். பார்த்தே இராத சொல் என்றால் கற்பவர்களுக்கான லேர்னர்ஸ் டிக்‌ஷனரிக்குப் போங்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொருளைப் படித்துவிட்டு நிறுத்தாமல், கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களை எல்லாம் படியுங்கள். ‘ஃப்ளிம்ஸி’க்கு அன்று நான் அதைச் செய்திருந்தால் போதும்.

ஏழாம் படி: வாக்கியத்தில் உட்கார வைப்பது

இங்கே மூன்றே விஷயம். சுவைக்கிறது, மணக்கிறது, தெரிகிறது என்ற வினைகளுக்குப் பின் பெயரடைதான் (அட்ஜெக்டிவ்) வரும்: ‘இட் ஸ்மெல்ஸ் ஸ்வீட்’, ஸ்வீட்லி அல்ல. பல பெயரடைகள் சேர்ந்தால் கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், மூலப்பொருள் என்ற வரிசை: ‘எ லவ்லி ஓல்டு ப்ளூ காட்டன் ஸாரி’. அழகான பழைய நீலப் பருத்திச் சேலை என்று நாமும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் சொல்கிறோம், பயப்பட ஒன்றுமில்லை. கடைசியாக, சாப்பாடு ‘டேஸ்ட்டி’. ‘டேஸ்ட்ஃபுல்’ என்றால் ரசனையோடு அமைந்தது. வீட்டு அலங்காரத்துக்குச் சொல்லலாம், பிரியாணிக்குச் சொல்ல முடியாது.

பயிற்சி

ஒரு துணிப்பையில் வீட்டுப் பொருள்கள் ஏழெட்டைப் போடுங்கள்: தேங்காய் நார், புளி, விரலி மஞ்சள், பழைய சோப்புத் துண்டு, கம்பு, காய்ந்த வேப்பிலை. கண்ணை மூடிக் கைவிட்டு எடுத்து, என்ன பொருள் என்று சொல்லாமல் எப்படி இருக்கிறது என்று மட்டும் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். ரஃப் என்று மட்டும் சொன்னால் கண்டுபிடிக்க முடியாது. ‘ஃபைப்ரஸ்’ என்று சொன்னால்தான் தேங்காய் நார் என்று புரியும். எதிராளிக்குப் புரியவில்லையே என்ற அவசரத்தில் தேடி எடுக்கிற சொல் லேசில் மறக்காது.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு நாலைந்து சொல், அதற்கு மேல் வேண்டாம். எழுதிய பக்கத்தை மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்பப் பாருங்கள். பார்க்கும்போது ஆங்கிலப் பகுதியைக் கையால் மறைத்து, பொருளைப் பார்த்துச் சொல்லை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்.

மாதம் ஒரு தடவை வெளியே போங்கள். ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் நடக்கும் இடத்துக்குப் போக முடிந்தால் விடாதீர்கள். வேகவைத்துக் காய்ந்த மஞ்சள் பாலிஷ் போடுவதற்கு முன் ‘டல்’, ‘ரஃப்’. போட்ட பின் ‘ஸ்மூத்’, நிறமும் ‘ப்ரைட்’. உடைத்து முகர்ந்தால் ‘எர்த்தி’. நாக்கில் வைத்தால் ‘பிட்டர்’. பல்லடம் பக்கம் தறி ஓடும் தெருவில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். தெருமுனையில் ‘க்ளாட்டரிங்’, உள்ளே நுழைந்தால் ‘டெஃபனிங்’, கதவைச் சாத்தினால் ‘மஃபிள்டு’. அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவரிடம் கேட்டால் ‘ஸ்டெடி’ என்பார்.

வகுப்பில் ஒரு பெண் தன் அம்முச்சியின் (அம்மாவின் அம்மா) கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாள். முதல் தடவை ‘ரஃப்’ என்று மட்டும் இருந்தது. ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டேன். அடுத்த வாரம் அம்முச்சி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். மண்வெட்டி பிடித்துக் காய்ப்புக் காய்ச்சிய உள்ளங்கைக்கு ‘கேலஸ்டு’. பனியில் வெடித்த விரல் நுனிக்கு ‘சாப்ட்’. முடிச்சு முடிச்சாக வளைந்த மூட்டுக்கு ‘நார்ல்டு’. புறங்கைத் தோலுக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை என்றாள். மெலிந்து, சுருங்கி, தொட்டால் பட்டு மாதிரி இருக்கிறதாம். ‘பேப்பரி’ என்று ஒருவன் சொன்னான், அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பாதி வகுப்பு அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ‘தின்’, ‘சில்க்கி’ என்று இரண்டு சொற்களைச் சேர்த்தே எழுதினாள்.